பழைய ஸ்கூபா ரெகுலேட்டரை மீட்டெடுத்தல்: ஸ்கூபாப்ரோ மார்க் 5-ஐ முன்வைத்து ஒரு செய்முறை

சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்றை, நீரில் மூழ்குபவர் மூச்சிழுக்க ஏற்றவாறு குறைத்துத் தரும் கருவிதான் ஸ்கூபா ரெகுலேட்டர். பழைய ரெகுலேட்டர் ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அதன் குரோம் முலாமைத்தான். முலாம் பளபளத்தால் நல்ல நிலையில் இருக்கிறது என்றும், மங்கியிருந்தால் இனி உதவாது என்றும் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு முடிவுமே தவறாகப் போகலாம். ரெகுலேட்டரின் உயிர் மிக மெல்லிய இரண்டு விளிம்புகளில் இருக்கிறது. சிலிண்டரில் பொருந்தும் முதல் நிலைக்குள் உயர் அழுத்தக் காற்றை நிறுத்தும் விளிம்பு ஒன்று. வாயில் வைக்கும் இரண்டாம் நிலைக்குள் காற்று நுழையும் துளையைச் சுற்றியுள்ள விளிம்பு மற்றொன்று. இவ்விரண்டும் பழுதில்லாமல் இருந்து, பித்தளை உடலை அரிப்பு தின்றுவிடாமலும் இருந்தால், ஐம்பது ஆண்டு பழைய கருவியையும் புதிய ரப்பர் பாகங்களோடு மீண்டும் கடலுக்குக் கொண்டுசெல்ல முடியும். விளிம்பில் ஒரு கீறல் விழுந்திருந்தால், வெளிப்புறத்தை எவ்வளவு மினுக்கினாலும் அது அலமாரிப் பொருள் மட்டுமே.

எடுத்துக்காட்டாக இங்கே ஸ்கூபாப்ரோ மார்க் 5 என்ற முதல் நிலையையும், அதனுடன் பெரும்பாலும் இணைந்தே கிடைக்கும் 109 என்ற இரண்டாம் நிலையையும் எடுத்துக்கொள்கிறேன். 1970-களில் உலகெங்கும் பரவலாக விற்ற இணை இது. இன்றும் நல்ல நிலையில் ஏராளமாகக் கிடைக்கிறது. இதில் தேய்ந்து மாற்ற வேண்டிய பாகங்கள் குறைவு. அவற்றுக்கு ஈடான உதிரிகளும் இன்னும் கிடைக்கின்றன. முதன்முறையாகப் பழைய ரெகுலேட்டரைப் படிக்க விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான ஆசான் இல்லை என்பது என் கருத்து.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தண்ணீருக்கடியில் மூச்சைக் காக்கும் கருவி. இங்கே விளக்கும் வேலையை முறையாகப் பயின்ற ஒருவரின் மேற்பார்வையில் முதலில் செய்யுங்கள். அல்லது நீங்கள் செய்து முடித்ததைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் ஒருவர் அழுத்தமானி வைத்துச் சரிபார்க்கும்வரை அதைக் கொண்டு நீரில் இறங்காதீர்கள். அந்த மாடலுக்குரிய பாகப் படத்தையும் பழுதுபார்ப்புக் கையேட்டையும் தேடி அருகில் வைத்துக்கொள்வது கட்டாயம். எந்தக் கட்டுரையும் அந்தக் கையேட்டுக்கு மாற்றாகாது.

கருவி வேலை செய்யும் விதம்

ஃபிரான்சில் எமில் காஞனும் ஜாக் கூஸ்தோவும் 1943-இல் உருவாக்கிய அக்வாலங் ரெகுலேட்டரில் எல்லா உறுப்புகளும் முதுகுப்புறம் சிலிண்டர் மீதே இருந்தன; வாய்க்கு இரண்டு நெளிகுழாய்கள் வந்தன. மெல்பர்னில் டெட் எல்ட்ரெட் 1952-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த போர்ப்பஸ் ரெகுலேட்டர் வேலையை இரண்டாகப் பிரித்தது. சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைக்கும் முதல் நிலை சிலிண்டரிலும், மூச்சுக்கேற்பக் காற்றைத் தரும் இரண்டாம் நிலை வாயிலும் இருக்க, இடையே ஒற்றைக் குழாய் ஓடியது. இன்று நாம் பயன்படுத்தும் எல்லா ஒற்றைக்குழாய் ரெகுலேட்டர்களும் இந்த அமைப்பின் வழிவந்தவையே. மார்க் 5-உம் அப்படித்தான்.

மார்க் 5-இன் உள்ளே நகரும் பாகம் ஒன்றே ஒன்றுதான்: உட்குடைந்த தண்டையும் அகன்ற தலையையும் கொண்ட பிஸ்டன். சிலிண்டரிலிருந்து வரும் காற்று, தண்டின் கூர்முனைக்கும் அதன் எதிரே உள்ள கடினமான பிளாஸ்டிக் சீட்டுக்கும் (விளிம்பு அமர்ந்து அடைக்கும் இருக்கை) இடையேயுள்ள இடைவெளி வழியாக நுழைந்து, தண்டின் உட்குழல் வழியே பிஸ்டன் தலைக்கு அப்பாலுள்ள அறையை அடைகிறது. அந்த அறையில் அழுத்தம் ஏறும்போது அது பிஸ்டனைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் அதை எதிர்க்கிறது. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 9 பார் அதிகமாக ஆனவுடன் பிஸ்டன் ஸ்பிரிங்கை வென்று, தண்டின் கூர்விளிம்பை சீட்டின் மீது அழுத்திக் காற்றை நிறுத்துகிறது. நீங்கள் மூச்சிழுத்ததும் அழுத்தம் சற்றுக் குறைய, ஸ்பிரிங் பிஸ்டனை விலக்கி மீண்டும் காற்றை விடுகிறது. இந்த 9 பார்தான் இடைநிலை அழுத்தம். மார்க் 5-க்கு இது 125 முதல் 145 பிஎஸ்ஐ வரை, அதாவது சுமார் 8.6 முதல் 10 பார் வரை இருக்கலாம்.

ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் உடலிலுள்ள துளைகள் வழியாகக் கடல்நீர் தாராளமாகப் புகும். ஆழத்துக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டுவது அந்த நீர்தான். உப்பும் மணலும் தங்குவதும் அந்த அறையில்தான். பழைய மார்க் 5 ஒன்றைத் திறக்கும்போது மிக மோசமான நிலையில் காண்பது அந்த அறையாகவே இருக்கும். சில பிரதிகளில் இந்தத் துளைகளை மூடி ரப்பர் உறை ஒன்று இருக்கும். உள்ளே சிலிகான் கிரீஸ் நிரப்பியிருப்பார்கள். குளிர்ந்த நீரில் பனி உறைந்து பிஸ்டன் சிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. மன்னார் வளைகுடா, அந்தமான் போன்ற வெதுவெதுப்பான கடல்களுக்கு அது தேவையில்லை. பழைய கிரீஸை முழுவதும் அகற்றிவிட்டு, உறையைத் தனியே எடுத்து வைத்துவிடலாம்.

திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

எதையும் கழற்றுவதற்கு முன், நுழைவாயிலில் இருக்கும் வடிகட்டியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத் துகள்களைச் சுட்டுச் செய்த அந்தச் சிறு வட்டு, கருவியின் கடந்த காலத்தைச் சொல்லிவிடும். பச்சை நிறம் படிந்திருந்தால் உள்ளே நீர் புகுந்து பித்தளையில் களிம்பு ஏறியிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துருப்பிடித்த எஃகு சிலிண்டரின் தூள் வந்திருக்கிறது. வெண்சாம்பல் பொடி அலுமினிய சிலிண்டரின் ஆக்சைடாக இருக்கும். கறுப்பாக இருந்தால் கம்ப்ரஸரின் வடிகட்டி தேய்ந்து கரித்தூளோ எண்ணெய்ப் படிவோ நுழைந்திருக்கிறது. பச்சை வடிகட்டி கொண்ட ஒன்றை வாங்குவதென்றால், உள்ளே அரிப்பு உண்டு என்று எதிர்பார்த்து அதற்கேற்ப விலை பேசுங்கள்.

அடுத்து உயர் அழுத்த வாயின் (குழாய் திருகும் துளை) மரையை அளந்து பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். இன்றைய முதல் நிலைகளில் அழுத்தமானி பொருத்தும் உயர் அழுத்த வாய் 7/16 அங்குல அளவிலும், குறைந்த அழுத்த வாய்கள் 3/8 அங்குல அளவிலும் இருப்பதால் ஒன்றில் பொருந்துவது மற்றொன்றில் பொருந்தாது. பழைய முதல் நிலைகள் பலவற்றில் இரண்டுமே 3/8 அங்குலம். இரண்டாம் நிலைக்குச் செல்லும் குழாயைத் தவறுதலாக உயர் அழுத்த வாயில் பொருத்தினால், 9 பாருக்குச் செய்த குழாயில் 200 பார் பாய்ந்து அது வெடிக்கக்கூடும். அந்த வாயைச் சுற்றி நிரந்தரமாகத் தெரியும் அடையாளம் ஒன்று இடுங்கள். 7/16 அளவுக்கு மாற்றும் இணைப்பான் ஒன்றைப் பொருத்தி அப்படியே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

குரோம் உதிர்ந்த இடங்களில் பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா என்று தேடுங்கள். அந்த நிறம், பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் துளைத்துளையாக எஞ்சியிருப்பதன் அறிகுறி. வெளிப்புறத்தில் சிறு திட்டாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மரைகளிலோ, காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அமரும் பள்ளத்திலோ இருந்தால் அந்த உடலைக் கைவிடுங்கள். முதல் நிலையைச் சிலிண்டர் வால்வோடு பிணைக்கும் யோக்கின் மீது அச்சிட்டுள்ள அழுத்த வரம்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய யோக்குகள் பல 3000 பிஎஸ்ஐ, அதாவது 207 பார் வரைக்கும் மட்டுமே ஏற்றவை. 232 பார் சிலிண்டர்களில் அவற்றைப் பொருத்தக் கூடாது.

கருவிகள்

கருவிகளில் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. நிவாரண வால்வுடன் (அழுத்தம் மிகுந்தால் காற்றை வெளியேற்றுவது) கூடிய இடைநிலை அழுத்தமானி ஒன்று, பத்து மடங்கு உருப்பெருக்கி லென்ஸ் ஒன்று, பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஓ-ரிங் எடுக்கும் கொக்கிகள், பொருத்தமான பின் ஸ்பேனர்கள், ஆலன் கீகள், முதல் நிலையின் வாயில் திருகிப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி ஆகியவை குறைந்தபட்சத் தேவை. எஃகுக் கொக்கி, ஊக்கு, சிறு ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றை மேசையிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். பழைய ரெகுலேட்டர்களைக் கொல்வதில் உப்பைவிட எஃகுக் கொக்கிக்கே பங்கு அதிகம். முதல் நிலையின் உடலை நேரடியாக வைஸில் இறுக்குவதும் கூடாது. கைப்பிடியை வாயில் திருகி, அந்தக் கைப்பிடியைத்தான் வைஸில் பிடிக்க வேண்டும்.

உதிரிகளைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர்கள் பொதுவாகத் தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களுக்கு மட்டுமே பாகங்களை அளிக்கிறார்கள். அவர்கள் வழியாகவோ, பழைய மாடல்களுக்குரிய தொகுப்புகளைத் தனியே விற்பவர்களிடமிருந்தோ வாங்கலாம். பல ஓ-ரிங்குகள் பொதுவான ஏஎஸ்568 அளவு வரிசையைச் சேர்ந்தவைதான். எடுத்துக்காட்டாக 3/8 வாய்க்கு 903, 7/16 வாய்க்கு 904. ஆனால் அளவு பொருந்தினால் மட்டும் போதாது, கடினத்தன்மையும் பொருந்த வேண்டும். பிஸ்டன் தண்டைச் சுற்றி உயர் அழுத்தத்தைத் தாங்கும் ஓ-ரிங் 90 டியூரோமீட்டர் கடினத்தில் இருக்க வேண்டும். சாதாரண 70 கடின ஓ-ரிங்கைப் போட்டால் அழுத்தத்தில் அது பிதுங்கி நசுங்கிவிடும்.

முதல் நிலையைத் திறத்தல்

எல்லாக் குழாய்களையும் கழற்றுங்கள். பழைய குழாய்களைத் திரும்பப் போடும் எண்ணமே வேண்டாம்; வெளியே வெடிப்பு தெரியாத குழாயிலும் உட்புற ரப்பர் சிதைந்திருக்கலாம். அடுத்து யோக் பக்கத்து நட்டைக் கழற்றுங்கள். இது மிகவும் இறுகியிருக்கும். அசைய மறுத்தால் வெந்நீரில் ஊறவைத்து மீண்டும் முயலுங்கள், தீச்சுடரைக் காட்டாதீர்கள். குழாய்கள் இணையும் சுழல் தலையைப் பிடித்திருக்கும் போல்டைக் கழற்றியபின் பிஸ்டன் மூடியைத் திருகி எடுக்கலாம். மூடி வந்ததும் பிஸ்டனை நேர்கோட்டில், சற்றும் சாய்க்காமல் வெளியே இழுங்கள். தண்டின் முனை எந்த உலோகத்திலும் உரசக் கூடாது. வெளியே எடுத்த கணத்திலேயே அதன் முனைக்கு ஒரு மென்மையான பிளாஸ்டிக் குழாய்த் துண்டை உறையாகப் போட்டு, துணி விரித்த தட்டில் தனியே வையுங்கள். மேசையிலிருந்து உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்த பிஸ்டனை இனி நம்ப முடியாது.

ஸ்பிரிங்கின் கீழே மெல்லிய வளையத் தகடுகள் இருக்கலாம். அவற்றின் எண்ணிக்கையையும் இருந்த வரிசையையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் 5-இல் இடைநிலை அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது இந்தத் தகடுகளால்தான்.

உடலின் ஆழத்தில், தண்டு நுழையும் துளையைச் சுற்றிய பள்ளத்தில், உயர் அழுத்த ஓ-ரிங் இருக்கிறது. மொத்த வேலையிலும் மிகக் கவனம் வேண்டிய இடம் இது. நல்ல விளக்கை நேராகத் துளைக்குள் காட்டி, பித்தளைக் கொக்கியை ஓ-ரிங்கின் உட்பக்கமாக மட்டும் நுழைத்து, ரப்பரைக் குத்தித் தூக்குங்கள். ஓ-ரிங் கிழிந்தால் கிழியட்டும், அதை எப்படியும் எறியத்தான் போகிறீர்கள். பள்ளத்தின் சுவரில் கீறல் விழாதிருப்பதே முக்கியம். விழுந்தால் அந்த உடலை அடைக்க வழியில்லை.

சுத்தம் செய்தல்

குரோம் முலாமிட்ட பித்தளைப் பாகங்களை முதலில் வெந்நீரிலும் மிதமான பாத்திரச் சோப்பிலும் நைலான் பிரஷ் கொண்டு தேயுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். எஞ்சிய உப்புப் படிவுக்கும் களிம்புக்கும் வெள்ளை வினிகரையும் வெந்நீரையும் சம அளவில் கலந்து, அல்ட்ராசானிக் தொட்டி இருந்தால் அதில், இல்லையெனில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து விடாதீர்கள். அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை இழுக்கும். உதிரத் தொடங்கிய குரோமின் அடியில் புகுந்து மேலும் உரிக்கும். இரவு முழுதும் ஊறவைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்ற எண்ணத்தால் அழிந்த உடல்கள் உண்டு. ரப்பர், பிளாஸ்டிக், வண்ணம் ஏற்றிய அலுமினியம் ஆகிய எதுவும் இந்தக் கரைசலில் படக் கூடாது.

எடுத்ததும் ஆப்பசோடா கலந்த நீரில் அமிழ்த்தி அமிலத்தை முறித்து, பலமுறை நல்ல நீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். ஊரிலுள்ள உப்புநீரில் கடைசி அலசலை முடித்தால், காயும்போதே புதிய படிவு விழுந்துவிடும். சிலிண்டரிலிருந்து வரும் உலர்ந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் ஊதி, துளைகளையும் மரைகளையும் முழுக்க உலர்த்துங்கள். வெளிப்புறத்தை மெருகேற்ற அமோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவங்களைத் தொடவே வேண்டாம். அமோனியா பட்ட பித்தளை, இழுவிசை இருக்கும் இடங்களில் வெடிக்கக்கூடியது. மங்கிய குரோம் மங்கியே இருக்கட்டும். அது அந்தக் கருவி கண்ட கடலின் தடயம். மூச்சுக்கு எந்தக் குறையும் வைக்காது.

விளிம்பைச் சோதித்தல்

பிஸ்டன் தண்டின் முனையை லென்ஸில் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்த்தால், நல்ல விளிம்பில் ஒளிக்கோடு ஒன்று உடையாமல் வட்டமாகச் சுற்றி வரும். பழுதிருந்தால் அந்த இடத்தில் கோடு ஒரு கணம் அறுந்து மீண்டும் தொடரும். அதன்பின் காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியை விளிம்பின் மீது மிக மெதுவாகச் சுற்றிவாருங்கள். கண்ணுக்குத் தப்பிய பிசிறு இருந்தால் பஞ்சின் ஓர் இழை அதில் மாட்டி நீளும். இழை மாட்டிய பிஸ்டனை நீங்களே தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். லேத்தில் வைத்துச் சமமாக மெருகேற்றத் தெரிந்தவர்கள் அதைச் செய்யலாம். கையால் தேய்த்தால் வட்டம் கோணலாகிவிடும். வேறொரு நல்ல பிஸ்டனைத் தேடுவதே சரி. பழைய சீட்டையும் எறிவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். அதில் பதிந்துள்ள வளையத் தடம் சீராகவும் மையமாகவும் இருந்தால் பிஸ்டன் நேராக இயங்கியிருக்கிறது. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்தால், விளிம்பையும் தண்டு செல்லும் வழியையும் மீண்டும் ஆராய வேண்டும்.

மீண்டும் பூட்டுதல்

ஓ-ரிங்குகளுக்குச் சிலிகான் கிரீஸ் அல்லது ஆக்சிஜனுக்கு உகந்த ஃபுளோரினேற்றிய கிரீஸ் போடலாம். செறிவூட்டிய ஆக்சிஜன் கலவைகளைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் இரண்டாவது வகை மட்டுமே. அத்தோடு கருவி முழுவதையும் ஆக்சிஜன் பயன்பாட்டுக்கென்றே தனி முறையில் சுத்தம் செய்திருக்கவும் வேண்டும். வாசலின், இயந்திர எண்ணெய், துரு நீக்கும் தெளிப்பான் எதுவும் வேண்டாம். அவை ரப்பரை ஊதிப் பெருக்கும். உயர் அழுத்தத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பற்றவும் கூடும். கிரீஸ் ஓ-ரிங்கின் மேல் ஈரம் மினுங்கும் அளவுக்கு இருந்தால் போதும். வழியும் அளவு போட்டால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புதிய உயர் அழுத்த ஓ-ரிங்கை விரலாலும் பிளாஸ்டிக் குச்சியாலும் பள்ளத்தில் அமர்த்தி, முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று விளக்கொளியில் உறுதிசெய்யுங்கள். ஸ்பிரிங்கையும் தகடுகளையும் பழைய வரிசையில் வையுங்கள். பிஸ்டன் முனைக்கு, கூம்பு வடிவில் செய்த நுழைப்பான் ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் சிறிது கிரீஸ் தடவி, தண்டை நேராக ஓ-ரிங்குக்குள் தள்ளுங்கள். நுழைப்பான் இல்லாமல் தள்ளினால், கூர்விளிம்பு புதிய ஓ-ரிங்கை உட்புறமாக வெட்டிவிடும். வெட்டு வெளியே தெரியாது. நீருக்குள் இறங்கியதும் உடலின் துளைகளிலிருந்து குமிழிகள் வரும்போதுதான் தெரியவரும். பிஸ்டன் உள்ளே சென்றதும் மூடியை முதலில் கையால் திருகி, மரை சிக்கவில்லை என்று உறுதிசெய்த பின்பே கருவியால் இறுக்குங்கள். சுழல் தலையின் போல்டு உட்பட எல்லாவற்றையும் கையேடு சொல்லும் முறுக்கு விசையில் நிறுத்துங்கள். ஓ-ரிங் அடைப்பதற்கு விசை தேவையில்லை. அதிக இறுக்கம் போல்டை முறிக்க மட்டுமே உதவும்.

இரண்டாம் நிலை

109-இன் உலோகப் பெட்டியைத் திறந்ததும், மூச்சிழுக்கும்போது உள்வளைந்து வால்வைத் திறக்கும் ரப்பர் தகடான டயஃப்ரம் தெரியும். அதை வெளிச்சத்தின் முன் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் ஒளி தெரியும். ரப்பர் கடினமாகியிருந்தாலோ விளிம்பு சுருங்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். இப்போது கிடைக்கும் சிலிகான் டயஃப்ரம்கள் பழைய ரப்பரைவிட மென்மையாக இயங்குகின்றன, நீண்ட நாளும் உழைக்கின்றன. ஆனால் சிலிகான் பாகங்களுக்குச் சிலிகான் கிரீஸ் தடவக் கூடாது. அவை ஊறிப் பருத்துவிடும். மூச்சு வெளியேறும் வால்வு தட்டையாகப் படிகிறதா, ஓரம் சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் ஒவ்வொரு மூச்சிலும் நீர் கசியும்.

குழாய் இணையும் பக்கத்தில் திருகு வடிவில் இருக்கும் துளையம்தான் இரண்டாவது விளிம்பு. இதையும் பிஸ்டனைப் போலவே லென்ஸிலும் பஞ்சுக் குச்சியிலும் சோதியுங்கள். எதிரே பாப்பெட்டின் (துளையத்தை அடைத்துத் திறக்கும் நகரும் வால்வு) முனையில் இருக்கும் ரப்பர் சீட்டைக் கட்டாயம் மாற்றுங்கள். 109-ஐ மேம்படுத்த விரும்புவோர் பழைய பாப்பெட்டுக்குப் பதிலாக, பின்னாளில் 156 மாடலில் வந்த சமநிலைப்படுத்திய பாப்பெட்டைப் பொருத்துகிறார்கள். மூச்சு இன்னும் இலகுவாகும். ஸ்பிரிங்கின் இறுக்கமும் குறைவதால் ரப்பர் சீட் மெதுவாகத் தேயும். பழைய நிலையிலேயே வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

சரிசெய்யும் முறை இது. பக்கத்திலுள்ள குமிழை முழுவதும் வெளிப்புறமாகத் திருகி ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். துளையத்தை உள்ளே திருகினால் கசிவு நிற்கும், ஆனால் டயஃப்ரம் தள்ளும் நெம்புகோல் தாழ்ந்து மூச்சு கடினமாகும். வெளியே திருகினால் மூச்சு இலகுவாகி ஓர் எல்லைக்குப் பின் காற்று சீறும். அழுத்தத்தின் கீழ் திருக உதவும் கருவியைக் குழாய்க்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே பொருத்தி, மெல்லிய சீறல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் சிறிதளவு மட்டும் திருகுங்கள். ஒவ்வொரு முறை திருகும்போதும், டயஃப்ரத்தைக் கையால் அழுத்த உதவும் பர்ஜ் பொத்தானை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அப்படிச் செய்தால் பாப்பெட் விலகியிருக்கும். இல்லையெனில் சுழலும் விளிம்பு புதிய ரப்பரைக் கத்தியைப் போல வட்டமாக வெட்டிவிடும்.

அழுத்தச் சோதனை

முதல் நிலையை எப்போதும் இரண்டாம் நிலையுடன் இணைத்த பின்பே சோதியுங்கள். 109 போன்ற கீழோட்ட வால்வு (காற்று பாயும் திசையிலேயே திறப்பது) கொண்ட இரண்டாம் நிலை, முதல் நிலை பழுதாகி அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து காற்றை வெளியேற்றும்; அதுவே பாதுகாப்பு வால்வு. பிசிடி (மிதப்பைச் சரிசெய்ய ஊதும் சட்டை) ஊதும் குழாயின் முனையில் இடைநிலை அழுத்தமானியைப் பொருத்துங்கள். உயர் அழுத்தமானி இருந்தால் அதன் கண்ணாடி முகத்தை யாரையும் நோக்காதபடி திருப்பி, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறவுங்கள்.

முள் ஏறி 125 முதல் 145 பிஎஸ்ஐக்குள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். பர்ஜ் பொத்தானை அடுத்தடுத்துப் பலமுறை அழுத்தி விடுங்கள்; புதிய சீட் விளிம்போடு படிந்து அமர அது உதவும். பின்பு முள்ளை உற்றுப் பாருங்கள். சில நொடிகள் ஓரிரு பிஎஸ்ஐ ஏறி நின்றுவிட்டால் பரவாயில்லை. நில்லாமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தால் உயர் அழுத்த விளிம்போ சீட்டோ அடைக்கவில்லை. தகடு மாற்றிச் சரிசெய்யக்கூடிய கோளாறு இது இல்லை. மீண்டும் திறந்து விளிம்பைப் பார்க்க வேண்டும். முள் ஓரிடத்தில் உறுதியாக நின்று, அந்த இடம் மட்டும் வரம்புக்கு வெளியே இருந்தால்தான் தகடுகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

இதே சோதனையை நிறைந்த சிலிண்டரிலும், 35 பார் அளவுக்குக் காற்றுக் குறைந்த சிலிண்டரிலும் செய்யுங்கள். மார்க் 5 சமநிலைப்படுத்திய வகை என்பதால் இரண்டிலும் இடைநிலை அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பின்னர் முதல் நிலையை ஒரு வாளி நீரில் அமிழ்த்திக் குமிழிகளைத் தேடுங்கள். உடலின் துளைகளிலிருந்து குமிழி வந்தால் பிஸ்டன் தண்டின் அல்லது தலையின் ஓ-ரிங் பழுது. சுழல் தலையின் ஓரத்தில் வந்தால் அங்குள்ள ஓ-ரிங்.

இரண்டாம் நிலை எவ்வளவு எளிதில் திறக்கிறது என்பதை ஒரு பாத்திரத்து நீரிலேயே அளக்கலாம். அழுத்தம் கொடுத்த நிலையில், மவுத்பீஸ் மேல்நோக்கி இருக்க, டயஃப்ரம் பக்கத்தைக் கீழாக வைத்துச் சமமாக மெல்ல நீருக்குள் இறக்குங்கள். டயஃப்ரத்துக்கு மேல் நீர்மட்டம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் ஏறியதும் காற்று சீறத் தொடங்கினால் நன்கு சரிசெய்திருக்கிறீர்கள். அதற்கு முன்பே சீறினால் கடலில் தானாகக் காற்று ஓடும். மிகவும் தாமதித்தால் மூச்சிழுக்கப் பாடுபட வேண்டியிருக்கும். கடைசியாக, குழாயைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டு மவுத்பீஸில் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே காற்று வராமல் உறிஞ்சல் அப்படியே நின்றால் டயஃப்ரமும் வெளியேற்ற வால்வும் பெட்டியும் நன்றாக அடைத்திருக்கின்றன.

வேறு வகைகள் பற்றிச் சில சொற்கள்

யூ.எஸ். டைவர்ஸின் கான்ஷெல்ஃப் போன்ற டயஃப்ரம் வகை முதல் நிலைகளில், உயர் அழுத்த விளிம்பு பிஸ்டனில் இல்லாமல் உடலிலேயே துளையைச் சுற்றி இருக்கும். ஸ்பிரிங் அறைக்குள் வரும் நீரும் உட்பாகங்களைத் தொடாது. அதனால் அவை உள்ளே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். சோதிக்கும் முறை அதேதான். அதே நிறுவனத்தின் டிஏ அக்வாமாஸ்டர், ராயல் அக்வாமாஸ்டர் போன்ற இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்களுக்கு டயஃப்ரம், நெளிகுழாய், வெளியேற்ற வால்வு ஆகியவற்றை இன்றும் புதிதாகச் செய்து விற்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்; ஆகவே அவற்றை நம்பி எடுக்கலாம். தொடக்கக்கால ஒற்றைக்குழாய் ரெகுலேட்டர்கள் சிலவற்றில் உள்ள சாய்வு வால்வு (தண்டு சாய்வதால் திறப்பது) கொண்ட இரண்டாம் நிலைகளிடம் மட்டும் தனி எச்சரிக்கை தேவை. முதல் நிலை பழுதானால் அவை தாமாகத் திறக்காமல் இன்னும் இறுக மூடும்; ஆகவே முதல் நிலையிலோ குழாயிலோ தனி நிவாரண வால்வு இருந்து, அது வேலையும் செய்ய வேண்டும். பழகும்வரை அவற்றை எடுக்காதீர்கள்.

முதல் முழுக்கு

முதல் முழுக்கு நீச்சல் குளத்தில், நிற்கும் ஆழத்தில், நம்பகமான வேறொரு ரெகுலேட்டர் அருகிலேயே இருக்க நடக்கட்டும். பழைய முதல் நிலையில் மாற்று இரண்டாம் நிலை, பிசிடி குழாய், அழுத்தமானி மூன்றும் இல்லாமல் கடலுக்குச் செல்ல வேண்டாம். முதல் இரண்டுக்கும் மார்க் 5-இன் சுழல் தலையில் போதுமான வாய்கள் உண்டு; அழுத்தமானிக்கு உயர் அழுத்த வாய் இருக்கிறது. முதல் சில முழுக்குகளுக்குப் பின் இடைநிலை அழுத்தத்தை மறுபடியும் அளந்து பாருங்கள். புதிய சீட் விளிம்போடு படிவதால் அது ஓரிரு பிஎஸ்ஐ மாறியிருக்கலாம். அளவுகளைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, மாற்றிய பாகங்களையும் தகடுகளின் எண்ணிக்கையையும் அதிலேயே குறித்து வையுங்கள். ஒவ்வொரு முழுக்குக்குப் பின்பும் நுழைவாயிலின் மூடியைப் போட்டுவிட்டு, ஸ்பிரிங் அறையின் துளைகளுக்குள் நல்ல நீர் ஓடும்படி அலசி, நிழலில் தொங்கவிடுங்கள்.